வெள்ளச்சியின் தீனிச் சீட்டு

பூனைக்குப் பால் ஆகாது என்று சொன்னால் இன்றைக்கும் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள். போன மாதம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, வயிற்றால் போகிற பூனையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். "பாலை நிறுத்தும்மா" என்றேன். "பாலையுமா? அப்பறம் அது எதத்தான் குடிக்கும், பாவம்!" என்று கொலைகாரனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். அப்போது என்னோடு பேசிக்கொண்டிருந்தவர்கள் இரண்டு இளம் கால்நடை டாக்டர்கள். அவள் போனதும் ஒருவர் கேட்டார்: "ஐயா, உங்க காலத்துல மாட்டுக்கே ஆள் கெடச்சிருக்காது. பூனைக்கெல்லாம் யாரு வைத்தியம் பாத்தாங்க?"

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "ஏன், நாங்க பாத்தோம் சாமி!" என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசித் தீர்த்தேன். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். சரி, எழுதுகிறேன். ஆனால் இதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை, என் தப்புதான் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு படியுங்கள்.

நான் மேல்பட்டாம்பாக்கத்துக்காரன். கரும்பு போட்ட குடும்பம். மாடு கன்றோடு பழக்கம் உண்டு என்பதால், கடலூர் திருப்பாப்புலியூரில் தனியாக டிஸ்பென்சரி வைத்திருந்த தேசிங்கு டாக்டரிடம் கம்பவுண்டராகச் சேர்த்துவிட்டார்கள். முதல் இரண்டு வருஷம் பொட்டலம் மடித்தேன், மருந்து சீசாவுக்கு அளவுக் காகிதம் வெட்டி ஒட்டினேன், கடி வாங்கினேன், உதை வாங்கினேன். அந்த வருஷங்களைப் பற்றி அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது.

டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட ஏழு வயதுதான் மூத்தவர். ஒல்லி உடம்பு, சத்தம் போட்டுப் பேசவே தெரியாது. பூனை வந்தால் மேஜைமேல் வைக்க மாட்டார், தானே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிடுவார். துண்டை விரித்து, பூனை தானாக அதன்மேல் வந்து உட்காரும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். வெளியே ஜட்கா வண்டிக்காரர்கள் குதிரையை வைத்துக்கொண்டு கத்தினாலும் அசைய மாட்டார். பிறகு இரண்டே விரலால் வயிற்றைத் தடவுவார். பிடரித் தோலைத் தூக்கி விட்டு, அது உடனே படிகிறதா, கூடாரம்போல் நிற்கிறதா என்று பார்ப்பார். நின்றால் உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். கடைசியாக அது போன மலத்தை மோந்து பார்ப்பார். நான் மூக்கைப் பிடித்துக்கொள்வேன். "கைய எடு வேலு. புளிச்ச வாடைன்னா ஒரு கதை, அழுகின வாடைன்னா வேற கதை" என்பார்.

அவருடைய முக்கியமான மருந்து ஒரு காகிதம். அதற்குத் தீனிச் சீட்டு என்று பெயர். காலையிலிருந்து ராத்திரிவரை பூனை வாயில் என்ன போயிற்று, யார் கொடுத்தார்கள், அரை மணி கழித்து என்ன ஆயிற்று, எல்லாவற்றையும் வீட்டுக்காரர்களைக் கேட்டு நான் எழுத வேண்டும். வீட்டில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து பேரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், அதுதான் சட்டம். "ஒருத்தர் முன்னால இன்னொருத்தர் உண்மைய சொல்ல மாட்டாங்க. எல்லாரும் ஒளிச்சி ஒளிச்சி ஊட்டுவாங்க. பாசத்துல சொல்ற பொய்யி. கோவிச்சிக்காத, ஆனா எழுதிக்க" என்பார்.

அந்தச் சீட்டு பொய்த்ததில்லை. முதுநகரில் மளிகைக்காரர் ஒருவரின் பூனை கழுத்தைச் சொறிந்து சொறிந்து ரணமாக்கிக்கொண்டது, வாரம் இரண்டு தடவை வாந்தி. சொறி என்று ஊரெல்லாம் கந்தகம் தடவியிருந்தார்கள். சீட்டைப் பார்த்தால் வாந்தி எடுத்த நாளெல்லாம் அவர் தம்பி கூனிக் கருவாடு போட்டிருந்தார். அதை நிறுத்தினோம். ஒரே மாதத்தில் கழுத்தில் முடி முளைத்துவிட்டது. இதையெல்லாம் பார்த்து எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமைதோறும் காலை ரயிலில் சிதம்பரம் போவோம். ஒரு வண்டிப்பேட்டைக் கொட்டகையில் டாக்டர் உட்காருவார். பர்மாவில் ஜப்பான் குண்டு விழுந்த வருஷம், கோடையில் ஒரு வியாழக்கிழமை அவருக்குக் காய்ச்சல். "பழைய கேஸ் மட்டும் பாத்துட்டு வா. புதுசு வந்தா அடுத்த வாரம் வரச் சொல்லு" என்று என்னை மட்டும் அனுப்பினார்.

அன்றைக்கென்று பார்த்துப் புதுசு வந்தது. கீழ வீதியில் விபூதி, கற்பூரக் கடை வைத்திருந்த சிவசிதம்பரம் பிள்ளையும் அவர் மனைவி தையல்நாயகி அம்மாளும் ஒரு மூங்கில் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நெற்றி நிறைய விபூதி, பரம்பரைச் சைவம். மீன்காரி தெருவில் போனால் பிள்ளை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார் என்று வண்டிப்பேட்டையில் சொல்வார்கள். கூடைக்குள் ஒரு வெள்ளைப் பூனை சுருண்டு கிடந்தது. பெயர் வெள்ளச்சி. ஆறு வயது. நிற்காத பேதி. எலும்பை எண்ணலாம்.

"தம்பி, இது எங்க பொண்ணு சிவகாமி வளத்தது" என்றார் அம்மாள். "ரங்கோன்ல மாப்ளைக்கு அரிசி மில்லுல கணக்கு வேலை. ரெண்டு வருஷம் முன்னால போவ சொல்ல, வெள்ளச்சிய பாத்துக்கம்மான்னு என் கையில குடுத்துட்டுப் போனா. இப்ப லெட்டரே வல்ல. நாலு மாசமா ஒண்ணும் தெரியல." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிள்ளை வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, "அவ வந்து பூனை எங்கன்னு கேட்டா நாங்க என்னா பதில் சொல்றது, கம்பவுண்டர்?" என்றார்.

எனக்கு மனசு தாங்கவில்லை. அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. பேதிதானே, எனக்குத் தெரியாததா என்று சுண்ணாம்புக்கல் பொடியும் காசுக்கட்டியும் கலந்து பதினாலு பொட்டலம் மடித்துக் கொடுத்தேன். சீட்டு எழுதவில்லை. "காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. பால்ல கலந்து குடுங்க" என்றேன்.

பால்ல கலந்து! மருந்தென்றால் பாலில் கலப்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம், என் வாயில் தானாக வந்துவிட்டது.

அடுத்த வாரம் டாக்டரும் வந்தார். வெள்ளச்சி இன்னும் மோசம். பிடரித் தோல் தூக்கின இடத்திலேயே நின்றது. டாக்டர் தரையில் உட்கார்ந்து மோந்து பார்த்தார். "புளிச்சிருக்கு. வேலு, சீட்டு எங்க?" என்றார். நான் விழித்தேன். என்னை ஒன்றும் சொல்லவில்லை, தானே பென்சிலை எடுத்துக்கொண்டு அம்மாளைத் தனியாகக் கேட்டார். கேட்கக் கேட்கக் கதை வெளியே வந்தது.

சிவகாமி இருந்தவரை வெள்ளச்சி ஊரெல்லாம் சுற்றும். நாலு வீதி எலியும் அதற்குத்தான். வீட்டில் கொஞ்சம் சோறு, அவ்வளவுதான். மகள் கப்பலேறின பிறகு, பூனையும் எங்காவது போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்து வீட்டுக்குள்ளேயே அடைத்துவிட்டார்கள். எலி போயிற்று. அதற்குப் பதிலாகப் பால் வந்தது. கடிதம் நின்றபிறகு பூனைக்குச் செல்லம் இன்னும் ஜாஸ்தி. பேதியானால் இளைத்துவிட்டதே என்று இன்னொரு கிண்ணம் பால், அதில் பேதி முற்றினால் மறுபடி பால். போன வாரத்திலிருந்து மருந்துக்கென்று மேலும் இரண்டு கிண்ணம்.

"இதக் குடுக்கச் சொன்னது யாரு?" என்றார் டாக்டர்.

"கம்பவுண்டர் தம்பிதான்" என்றார் அம்மாள், நன்றியோடு.

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். டாக்டர் என்னைப் பார்த்தார். "வேலு, குட்டிக்குத் தாய்ப்பால் செரிக்கும். வளந்த பூனைக்குப் பல நேரம் செரிக்காது. இது உனக்குத் தெரியும்" என்றார். தெரியும். தெரிந்தும் சொல்லியிருக்கிறேன்.

தோலுக்கடியில் உப்புத் தண்ணீர் ஊசி போட்டோம். ஒரு நாள் முழுக்கத் தீனி கிடையாது, ஆறின வெந்நீர் மட்டும். மறுநாளிலிருந்து வடித்த கஞ்சி. பால், தயிர், நெய் எதுவும் கண்ணில் காட்டக் கூடாது. நான் ஊருக்குப் போகாமல் மூன்று நாள் சிதம்பரத்திலேயே தங்கி, பிள்ளை வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து கரண்டிக் காம்பால் சொட்டுச் சொட்டாகக் கஞ்சித் தண்ணீர் ஊட்டினேன். பேதி நின்றது. ஆனால் உடம்பு ஏறவில்லை. அடுத்த வியாழன் டாக்டர் பிள்ளை வீட்டுக்கே வந்ததும், ஒரு துணிப்பையில் போட்டுத் தூக்குத் தராசில் நிறுத்தோம். இரண்டு வீசை, ஏறக்குறைய மூன்று கிலோ, இருந்த பூனை ஒன்றேகால் வீசைதான் இருந்தது.

டாக்டர் பிள்ளையை உட்காரவைத்துச் சொன்னார்: "ஐயா, கஞ்சி வயித்த ஆத்தும், உயிர வளக்காது. பூனை உடம்பு மாமிசத்துக்குன்னே ஆனது. உப்பு, காரம், எண்ணெ இல்லாம வேகவச்ச மீனு, முள்ளு எடுத்து, நெல்லிக்கா அளவு. ஒரு நாளைக்கு மூணு தடவ. வேற வழி எனக்குத் தெரியல. எலி புடிக்க இப்ப அதுக்குத் தெம்பு இல்ல."

பிள்ளையின் முகம் கல்லாகிவிட்டது. "இந்த வாசப்படிக்குள்ள அது வராது டாக்டர்" என்றார். டாக்டர் வாதாடவில்லை. "யோசிங்க" என்று எழுந்துவிட்டார். ரயிலில் திரும்பும்போது, பூனை பிழைக்குமா என்று கேட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, "கஷ்டம்" என்றார். அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பெண்டாட்டி, "ஒரு பூனைக்காவா இப்படி?" என்றாள். பூனைக்காகத்தான், வேறு யாருக்காக!

அடுத்த வியாழன், கொட்டகைக்கு வந்த கூடைக்குள் வெள்ளச்சி எழுந்து நின்றது. தராசில் மூன்று பலம், அதாவது நூறு கிராம், கூடியிருந்தது. சீட்டில் கஞ்சி, கஞ்சி, கஞ்சி என்றே எழுதியிருந்தது. நான் ஒன்றும் புரியாமல் நின்றபோது அம்மாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "தம்பி, உங்கிட்ட மட்டும் சொல்றன். கீரைக்காரி அஞ்சலை அவ வூட்ல வேகவச்சி எலையில கட்டி கொண்டாரா. அவரு கடைக்குப் போனதும் கொல்லையில வச்சி ஊட்டுறன். வாசப்படிக்குள்ள வரல பாரு! அவரு காதுக்குப் போச்சின்னா தாங்க மாட்டாரு. மூச்சி வுடாத" என்றார். என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். எனக்கா, அழுகையே வந்துவிட்டது. நன்றாயிருங்கம்மா என்றேன்.

அன்றைக்கே, ரயிலுக்கு நேரமாகிறது என்று ஸ்டேஷன் பக்கம் போனவன் ஒரு காட்சியைக் கண்டேன். கறி, மீன் சமைக்கிற மிலிட்டரி ஓட்டல் பின்பக்கம், தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, மூக்கை அதன் நுனியால் மூடிக்கொண்டு ஒருவர் நின்றார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு திரும்பினார். சிவசிதம்பரம் பிள்ளை! என்னைக் கண்டதும் பொட்டலத்தைத் துண்டுக்குள் மறைத்தார். "கம்பவுண்டர், அவ சாயங்காலம் கோயிலுக்குப் போவ சொல்ல, நான் மாட்டுக் கொட்டாயில வச்சிக் குடுக்கறன். கொளம்புல போட்ட மீனத்தான் கழுவிக் குடுக்கறான் இவன். அவளுக்குத் தெரிஞ்சா, நாம கும்புட்ட சாமியெல்லாம் என்னாத்துக்குன்னு மனசு ஒடிஞ்சி போவா. ஒங்க அம்மா மேல ஆண, சொல்லாத" என்றார்.

இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டேன். ரயிலில் ஏறி உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். அடேயப்பா, என்ன மனுஷர்கள் என்று நினைத்தேன். ஒரு பூனைக்கு இரண்டு பேரும் ஊட்டுகிறார்களே, அளவு என்ன ஆகும் என்று நினைக்கவில்லை. டாக்டரிடமும் சொல்லவில்லை. கம்பவுண்டர் புத்தி அன்றைக்கு எங்கே போயிற்றோ!

ஐந்தாம் நாள் கடலூருக்குத் தந்தி வந்தது. நானும் டாக்டரும் ஓடினோம். வெள்ளச்சி கண்ணைத் திறக்கவில்லை. வாந்தி, மலத்தில் ரத்தம். மோந்து பார்த்த டாக்டர் தலையைத் தூக்கினார். "அழுகின வாடை. மசாலா வாடையும் இருக்கு" என்றார். அம்மாளை அடுப்பங்கரையில் தனியாகக் கேட்டார். பிள்ளையைத் தெரு வாசலில் தனியாகக் கேட்டார். வெளியே வந்து என் முன்னால் நின்றார். "உனக்கு ரெண்டும் தெரியும், இல்ல?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"அஞ்சல குடுக்கறது போதுமான அளவு. அதுக்கு மேல ஓட்டல் மீனு, மொளகாயோட, எண்ணெயோட. செத்துக்கிட்டிருந்த வயித்துக்கு ரெண்டு மடங்கு. நீ சீட்டுல ஒரு வரி எழுதியிருந்தா போதும் வேலு." திட்டியிருந்தால் பரவாயில்லை. அவர் திட்டவில்லை. "போ. ரெண்டு பேரையும் முற்றத்துக்குக் கூப்புட்டு நீயே சொல்லு. மறுபடி ஒளிச்சி ஊட்டினாங்கன்னா பூனை பொழைக்காது. நான் ஊசி போடறன்" என்றார்.

சொன்னேன். வாக்கை மீறி, இரண்டு பேரையும் எதிரெதிரே நிற்கவைத்து, தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். அம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"நீங்களா? மிலிட்டரி ஓட்டலுக்கா போனீங்க?"

"நீ மட்டும் என்னா! அஞ்சல எதுக்குத் தெனம் தெனம் கீரை கொண்டாரான்னு அப்பவே நெனச்சன். சாப்பாட்டுல ஒரு நாளும் கீரையக் காணம்."

"ஒங்க ஆசாரம் கெட்டுடக் கூடாதுன்னுதான் ஒளிச்சன்" என்று சொல்லும்போதே அம்மாள் உடைந்துவிட்டார். "எனக்கு வேற என்னாங்க இருக்கு? அவ உசுரோட இருக்காளான்னே தெரியல. அவ குடுத்துட்டுப் போனது இது ஒண்ணுதான்."

பிள்ளை மாடத்திலிருந்து விபூதியை எடுத்து அம்மாள் நெற்றியில் பூசினார், கொல்லைக்குப் போய் வெள்ளச்சியின் நெற்றியிலும் ஒரு துளி பூசினார். பிறகு என்னிடம் வந்து, "முள்ளு எப்படி எடுக்கறதுன்னு எனக்குச் சொல்லிக் குடு. இனிமே நான் ஒருத்தன்தான் ஊட்டுவன். ஒரு கை, ஒரு அளவு" என்றார்.

அந்த மாதத்தை மறக்க முடியாது. அஞ்சலை சின்ன மீனாக வாங்கி வேகவைத்துக் கொண்டுவருவாள். பிள்ளை கொல்லையில் மணை போட்டு உட்கார்ந்து, முதலில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, பிறகு சுளிக்காமல், நடுமுள்ளை இழுத்து, பக்க முள்ளை விரலால் தடவித் தடவி எடுப்பார். நெல்லிக்காய் அளவு, அதற்கு மேல் ஒரு துணுக்கு போடமாட்டார். வெள்ளச்சி தட்டை நக்கிவிட்டு இன்னும் கேட்டுக் கத்தும். "டாக்டர் திட்டுவாரும்மா" என்று அதனிடம் கெஞ்சுவார். பிறகு குளித்துவிட்டுக் கடைக்குப் போவார். சீட்டை அவரே எழுதினார், முத்து முத்தான கையெழுத்து. ஆடி கழிவதற்குள் எடை பழையபடி இரண்டு வீசைக்கு ஏறிவிட்டது. டாக்டர் சீட்டைப் பார்த்து, "இனிமே இது தேவையில்ல" என்றார். ஆனாலும் சிதம்பரம் போனால் நான் அந்த வீட்டுக்குப் போகாமல் வருவதில்லை. எனக்கும் வெள்ளச்சியைப் பார்க்க வேண்டியிருந்தது.

அப்படிப் போன ஒரு வியாழக்கிழமை, வாசலில் ஆள் கூட்டம். அம்மாள் என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, வந்துட்டா! சிவகாமி வந்துட்டா! காடு மலையெல்லாம் நடந்தே வந்து, கல்கத்தாவுல ரயிலேறி, ரெண்டு பேரும் வந்துட்டாங்க. நாலு நாளு ஆவுது." சொல்லிச் சொல்லிச் சிரித்தார், அழுதார். உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆனா என்னமோ, சமையக் கட்டுக்குள்ள காலே வைக்க மாட்டன்றா. தாழ்வாரத்துலயே ஒக்காந்துக்கறா. நெறைய சாப்புடவும் மாட்டன்றா" என்றார். மாப்பிள்ளை காய்ச்சலில் உள்ளே படுத்திருந்தார்.

நான் கொல்லைக்குப் போனேன். பிள்ளை மணையில் உட்கார்ந்து வழக்கம்போல் மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தார். வெள்ளச்சி அவர் முழங்காலில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றது. பேச்சுக் குரல் கேட்டு அந்தப் பெண் கொல்லைக் கதவுக்கு வந்தாள். முகத்தில் கண் மட்டும்தான் இருந்தது, அவ்வளவு மெலிவு. அப்பாவின் கையில் இருந்த மீனை அப்போதுதான் பார்த்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு படியில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"அப்பா, நான் வர்ற வழியில அரிசி தீந்து போச்சிப்பா. கூட வந்தவங்க கருவாடு குடுத்தாங்க. மீனு குடுத்தாங்க. நான் தின்னன்பா. எத்தினி நாளுன்னே தெரியல. அத சொல்லாம அம்மா சமைக்கிற எடத்துக்குள்ள போவ எனக்கு மனசு வல்ல."

பிள்ளையின் விரல்கள் நின்றுவிட்டன. அவர் மகளை நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது.

"முள்ளு பாத்துத் தின்னியாம்மா?" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். அம்மாள் உள்ளேயிருந்து வந்து, மகளின் கையைப் பிடித்து எழுப்பி, அடுப்பங்கரைக்குள் கூட்டிக்கொண்டு போனார்.